பூனையும் நாயும் உள்ள வீட்டில் நறுமண எண்ணெய்களால் பூச்சிகளைக் கட்டுப்படுத்தலாமா?

கேள்வி: சாம்பல்வால்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் வயது முதிர்ந்த நாய் ஒன்றும், எந்நேரமும் அதன் படுக்கையிலேயே இடம் பிடித்துக்கொள்ளும் பூனை ஒன்றும் இருக்கின்றன. சில வாரங்களாக நாய் தன் வாலடியை ஓயாமல் கடித்தும் சொறிந்தும் கொள்கிறது. மயிரை விலக்கிப் பார்த்தால், மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புத் துகள்கள் தெரிகின்றன. அவற்றை ஈரமான வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தால் செம்பழுப்பு நிறத்தில் கரைகின்றன. செரித்த இரத்தம் அது என்பதால், தெள்ளுப்பூச்சிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. இதோடு சமையலறையில் எறும்பும் கரப்பானும், இரவில் கொசுவும் உண்டு.

இரசாயன மருந்துகளைக் கூடியமட்டும் தவிர்க்க விரும்புகிறேன். ஆகவே மூன்று வழிகளை யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று, டீ ட்ரீ எண்ணெயையும் பெப்பர்மின்ட் எண்ணெயையும் சில சொட்டுகள் தண்ணீரில் கலந்து, நாயின் மீதும் அதன் படுக்கையின் மீதும் தெளிப்பது. இரண்டு, படுக்கையறையில் வாசனையைக் காற்றில் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் சிட்ரோனெல்லா எண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் ஓடவிடுவது. மூன்று, சமையலறைத் தொட்டியின் அடியிலும் சுவர் விரிசல்களிலும் கிராம்பு எண்ணெய் தடவுவது.

இவற்றில் எது உண்மையிலேயே பயன் தரும், எது விலங்குகளுக்குக் கேடு செய்யும், எந்த அளவில் நீர்க்கச் செய்தால் பாதுகாப்பு என்பவற்றைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். சில புட்டிகளில் ‘இயற்கையானது, செல்லப் பிராணிகளுக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்லுங்கள்.


மறுமொழி 1: வடிகலம்

மூன்றாவது வழியைச் சில மாற்றங்களோடு ஏற்கலாம். இரண்டாவது, பூனை நடமாடும் அறையில் வேண்டாம். முதலாவதை அறவே கைவிட்டுவிடுங்கள். இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நறுமண எண்ணெய் என்பது இலை, பட்டை, பூ, வேர் ஆகியவற்றிலிருந்து பெரும்பாலும் நீராவியால் வடித்தெடுக்கப்படும் செறிவான பொருள். கிச்சிலி வகைப் பழத்தோல்களில் மட்டும் பிழிந்தெடுப்பது வழக்கம். ஒரு செடி தன் இலையைத் தின்ன வரும் பூச்சியையும் பூஞ்சையையும் எதிர்க்கத் துளித்துளியாகச் சேர்த்து வைத்திருக்கும் வேதிப்பொருள்களை நாம் ஒரே புட்டியில் திரட்டிவிடுகிறோம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் மட்டுமே இருக்கும். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். எனவே ‘இரசாயனத்தைத் தவிர்க்கிறேன்’ என்று எண்ணிக்கொண்டு இவற்றை எடுப்பவர், ஒரு வேதிப்பொருளை விட்டு இன்னொன்றைத்தான் கையில் எடுக்கிறார். அதைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அளவும் நச்சுத்தன்மையும் இங்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பூச்சிகளை இவை பாதிக்கின்றன என்பது உண்மை. பூச்சிகளின் நரம்புகளில் செய்தி கடத்த உதவும் ஆக்டோபமைன் என்ற பொருளின் வேலையை யூஜினால் போன்றவை குலைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. சோதனைக் குடுவைக்குள் அடைத்த பூச்சி இவற்றின் ஆவியிலேயே மடிவதும் உண்டு. ஆனால் குடுவையில் ஆவி வெளியேற வழியில்லை, வீட்டில் உண்டு. ஆவியாகும் இயல்பினால்தான் இவற்றுக்கு வாசனை வருகிறது. அந்த இயல்பினாலேயே ஓரிரு மணி நேரத்தில் இவற்றின் விரட்டும் ஆற்றல் தேய்ந்துவிடுகிறது. திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டியிருப்பதால், விலங்கின் உடலில் சேரும் அளவோ கூடிக்கொண்டே போகிறது.

இனிப் பூனைக்கு வருவோம். மனிதர்களின் கல்லீரலும் நாய்களின் கல்லீரலும் பீனால் வகைப் பொருள்களோடு குளுக்குரானிக் அமிலத்தைப் பிணைத்து, நீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீரின் வழியாகவோ பித்தநீரின் வழியாகவோ வெளியேற்றிவிடும். இதற்குத் தேவையான நொதிகளில் முக்கியமான ஒன்றை உருவாக்கும் யுஜிடி1ஏ6 என்ற மரபணு பூனைகளில் செயலற்றுக் கிடக்கிறது. சிங்கம், புலி உட்படப் பூனைக் குடும்பம் முழுவதிலும் இதே நிலைதான். இறைச்சியை மட்டுமே உண்டு வாழ்ந்த இனங்களுக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் தேவை இல்லாமல் போனதே காரணம் என்று கருதப்படுகிறது. நமக்குச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடக் கூடியதாக இருப்பதற்கும் இக்குறைபாடே பெரிய காரணம். கிராம்பின் யூஜினாலும், ஓமத்திலும் தைமிலும் உள்ள தைமாலும், ஓரிகானோவின் கார்வக்ராலும் பீனால்கள். விண்டர்கிரீன் எண்ணெயிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு, அதையும் பூனையால் மிக மெதுவாகத்தான் வெளியேற்ற முடியும். இவை தோலின் வழியாக எளிதில் ஊடுருவுபவை. அத்தோடு, பூனை தன் மயிரை நக்கி நக்கியே தூய்மை செய்துகொள்ளும் விலங்கு என்பதால், மேலே தெளித்ததில் கணிசமான பங்கு வயிற்றுக்குள்ளும் போய்விடும். நாய்க்குத்தானே தெளிக்கிறேன் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பூனை அதே படுக்கையில் படுக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நாய்க்குக் கவலையில்லை என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்துக்கு 2002 முதல் 2012 வரை வந்த அழைப்புகளிலிருந்து, நீர்க்காத டீ ட்ரீ எண்ணெய் பட்ட 443 விலங்குகளின் விவரங்களைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் 337 நாய்கள், 106 பூனைகள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது நிகழ்வுகளில் எண்ணெய் தவறிக் கொட்டியதல்ல; நன்மை செய்வதாக எண்ணி உரிமையாளர்களே பயன்படுத்தியது. எச்சில் ஒழுகுதல், சோர்வு, தள்ளாட்டம், பின்னங்கால் தளர்ச்சி, நடுக்கம் ஆகியவை 2 முதல் 12 மணி நேரத்துக்குள் தோன்றி, 72 மணி நேரம் வரை நீடித்திருக்கின்றன. பென்னிராயல் என்ற புதினா வகை எண்ணெயின் கதை இதைவிடக் கொடியது. தெள்ளுப்பூச்சிக்காக அதைப் பூசிய நாயொன்று கல்லீரல் அழுகி இறந்ததையும், அதன் கல்லீரலில் புலெகோன் என்ற நச்சுப்பொருள் இருந்ததையும் 1992-இல் கால்நடை மருத்துவ ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள்.

‘சில சொட்டுகள் தண்ணீரில்’ என்ற செய்முறையைப் பற்றியும் ஒரு சொல். எண்ணெய் நீரில் கரையாது. புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மீண்டும் கூடிவிடும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால், தொடக்கத்தில் வெறும் தண்ணீரும், புட்டி தீரும் தறுவாயில் ஏறக்குறைய சுத்த எண்ணெயும் வெளிவரும். வினிகர் சேர்த்தாலும் இதே கதைதான். ஆகவே நீர்க்கச் செய்துவிட்டோம் என்ற நினைப்பே இங்கு ஆபத்தானது.

டிஃப்யூசர்களிலும் வேறுபாடு உண்டு. குச்சி நட்டுவைக்கும் வகை ஆவியை மட்டும் வெளிவிடுகிறது. மீயொலியால் இயங்கும் வகை எண்ணெயையே நுண்துளிகளாகக் காற்றில் வீசுகிறது. அத்துளிகள் தரையிலும் மயிரிலும் படிகின்றன, பிறகு நாக்குக்குப் போகின்றன. ஆஸ்துமா உள்ள பூனைக்கு மூச்சுத் தொல்லையைத் தூண்டிவிடவும் கூடும். கூண்டுப் பறவை வளர்ப்பவர்கள் எந்த வகையையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் காற்றிலுள்ளதை நம்மைக் காட்டிலும் மிகத் திறமையாக ஈர்த்துக்கொள்பவை.


மறுமொழி 2: நுண்சீப்பு

எண்ணெயின் நச்சுத்தன்மையைப் பற்றி மேலே உள்ளவர் எழுதிவிட்டார். அது முற்றிலும் பாதுகாப்பானதாகவே இருந்தாலும், தெள்ளுப்பூச்சியை அதனால் ஒழித்துவிட முடியாது என்பதை நான் சொல்ல விரும்புகிறேன். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது வளர்ந்த பூச்சிகளை மட்டுமே. வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுத் தொகையில் அவை ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் கம்பளத்திலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன.

பெண் தெள்ளு இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, உச்சக் கட்டத்தில் நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டை மயிரில் ஒட்டிக்கொள்ளாது. நாய் உடம்பை உதறும் இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இழைகளின் அடியாழத்துக்குப் போய், வளர்ந்த தெள்ளுகளின் எச்சத்தை, அதாவது நீங்கள் கண்ட அதே கறுப்புத் துகளை, உண்டு வளரும். பின்னர் ஒட்டும் தன்மையுள்ள கூட்டைப் பின்னிக்கொள்ளும். தூசியும் நூலும் அதன்மேல் ஒட்டிக்கொள்வதால் கூடு கண்ணுக்கே தெரியாது. கடுமையான பூச்சிக்கொல்லிகளே அக்கூட்டுக்குள் சரியாக நுழைவதில்லை. பெப்பர்மின்ட் வாசனைக்கு அங்கே என்ன வேலை? கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருந்து, அதிர்வும் உடற்சூடும் மூச்சுக் காற்றின் கரியமில வாயுவும் தெரிந்தவுடன் வெளியே குதிக்கும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனதும் தெள்ளுகள் காலில் அப்பிக்கொள்வது இதனால்தான்.

ஆகவே செய்ய வேண்டியவை வேறு. படுக்கை விரிப்புகளை வாரம் ஒரு முறையாவது 60 பாகை வெந்நீரில் துவைத்து நன்றாக உலர்த்துங்கள். வேக்குவம் கிளீனரை நாள்தோறும், குறிப்பாகப் படுக்கையின் அடியிலும் சுவரோரத்திலும் ஓட்டுங்கள். அதன் அதிர்வு கூட்டுப்புழுக்களை வெளியே வரத் தூண்டும் என்பது கூடுதல் நன்மை. உறிஞ்சிய குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே அகற்றிவிடுங்கள். நெருக்கமான பற்களுள்ள சீப்பால் நாயையும் பூனையையும் வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பைச் சோப்புக் கரைசலில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் தெள்ளு மிதந்து தப்பித்துவிடும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அது மூழ்கிச் சாகும். இயற்கை முறை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட மேலான இயற்கை முறை எனக்குத் தெரியாது, ஆனால் பொறுமை வேண்டும்.

இவ்வளவு செய்தும் தொல்லை தொடர்ந்தால், கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மருந்தை மறுக்காதீர்கள். வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் ஒரே காலத்தில், குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் கூட்டிலிருந்து தாமதமாக வருபவையும் தீரும். மருந்துகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் சில விலங்குகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று மிக முக்கியம். பெர்மெத்ரின் அடங்கிய, நாய்க்கான கழுத்துச் சொட்டு மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. நாய்க்கு அதைப் போட்டு, ஈரம் உலருமுன் பூனை அதன்மேல் சாய்ந்து படுத்தாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம். உங்கள் வீட்டில் இருவரும் ஒரே படுக்கையில் உறங்குவதால், பெர்மெத்ரின் இல்லாத மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

தெள்ளைத் தின்ற விலங்குக்கு நாடாப்புழு வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மலவாயைச் சுற்றி அரிசிமணி அளவில் வெண்துண்டுகள் தென்பட்டால் குடற்புழு மருந்தும் வேண்டியிருக்கும்.


மறுமொழி 3: புல்வெளி

மேலே எழுதிய இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இவற்றைப் படித்துவிட்டு யாரேனும் எல்லாப் புட்டிகளையும் குப்பையில் போட்டுவிடப் போகிறார்களே என்ற கவலையும் எனக்கு உண்டு. விலங்கின் உடலிலிருந்து விலக்கி, உரிய இடத்தில் வைத்தால் நறுமண எண்ணெய்களுக்கும் பயன் உண்டு.

எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே போன எறும்பு விட்டுச் சென்ற மணத்தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்னே வருபவை வரிசையாக நகர்கின்றன. அத்தடத்தை முதலில் சோப்பு நீரால் அழுத்தித் துடைத்துவிட்டு, அவை நுழையும் துளையின் வாயில் பெப்பர்மின்ட் எண்ணெய் தொட்ட பஞ்சைச் செருகினால், அன்றைக்கு வரிசை கலைந்துவிடும். மறுநாள் வேறு வழி கண்டுபிடிக்கும். எனவே எண்ணெயால் கிடைத்த இடைவேளையில் துளையைச் சிமென்டாலோ சிலிகோன் பசையாலோ அடைத்துவிட வேண்டும். பூனையின் கால் எட்டாத, கதவுள்ள அலமாரியின் உட்புறம் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். உங்கள் பூனை அலமாரிக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்ட வகையாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

கரப்பானுக்குக் கிராம்பு எண்ணெய் தடவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூனையைக் கருதி மட்டுமல்ல. விரட்டப்பட்ட கரப்பான் சாவதில்லை, வாசனை இல்லாத அடுத்த சுவருக்குக் குடிபெயரும். பிறகு அங்கு நீங்கள் இரை மருந்து வைத்தாலும், எண்ணெய் வாடை படிந்த இடத்தில் அது இரையை நெருங்காது. விரிசலுக்குள் செலுத்தும் ஜெல் வகை இரையையும் வாசனை எண்ணெயையும் ஒரே இடத்தில் பயன்படுத்தினால் இரண்டும் வீண்.

கம்பளித் துணிகளை அரிக்கும் அந்துப்பூச்சிக்குத் தேவதாரு எண்ணெய் ஓரளவு உதவும். இளம் புழுக்களைக் கொல்லக் கூடியதே அன்றி, முட்டைகளுக்கும் வளர்ந்த புழுக்களுக்கும் அது போதாது. பெட்டி இறுக மூடியிருக்கவும் வேண்டும்.

கொசுவைப் பொறுத்தவரை சிட்ரோனெல்லாவின் புகழ் அதன் ஆற்றலைவிடப் பெரியது. கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் கையை நுழைத்துச் சோதித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், டீட் என்ற செயற்கைக் கொசுவிரட்டி 23.8 விழுக்காடு அடங்கிய தயாரிப்பு சராசரியாக ஐந்து மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லாத் தயாரிப்புகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. தாவரத்திலிருந்து வருவதே வேண்டும் என்றால், எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்திலிருந்து பெறப்படும் பிஎம்டி என்ற பொருள் மனிதத் தோலில் டீட்டுக்கு அருகில் வரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பரிந்துரைக்கிறது; மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கூடாது என்கிறது. ஆனால் அதே மரத்தின் சாதாரண நறுமண எண்ணெயில் பிஎம்டி மிகக் குறைவு, ஆகவே அதற்கு இப்பரிந்துரை பொருந்தாது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், புட்டியில் பிஎம்டியின் அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டீட், பிஎம்டி இரண்டுமே மனிதர்களுக்கானவை, விலங்குகளுக்குப் பூச வேண்டாம்.

அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இன்னொன்று வேப்பெண்ணெய். அது விதையைப் பிழிந்தெடுக்கும் கனமான எண்ணெய்; ஆவியாகாது, நறுமண எண்ணெய் வகையிலும் சேராது. பூச்சிகளின் வளர்ச்சியைக் குலைக்கும் அசாடிராக்டின் அதில் இருப்பதால் செடிகளுக்குத் தெளிக்க மிக ஏற்றது. அதற்காகப் பூனைக்குப் பூசிவிடாதீர்கள்.

பழைய புட்டிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. லிமோனீன், லினலூல், டீ ட்ரீ எண்ணெயின் கூறுகள் ஆகியவை காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களாக மாறுகின்றன. நிறக்கண்ணாடிப் புட்டியில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திறந்து நெடுங்காலம் ஆனதை மனிதத் தோலுக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.


மறுமொழி 4: வடிகலம்

புட்டியில் உள்ள வாசகத்தைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்ல விட்டுப்போயிற்று. நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் தேவதாரு, சிட்ரோனெல்லா, கிராம்பு, எலுமிச்சைப்புல், பெப்பர்மின்ட், ரோஸ்மேரி, தைம் முதலிய எண்ணெய்கள் குறைந்த இடர் கொண்ட பூச்சிக்கொல்லிகள் என்ற பட்டியலில் இருக்கின்றன. அப்பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே கொண்ட தயாரிப்புகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் பதிவிலிருந்து விலக்கியது. பதிவு தேவையில்லை என்றால், விற்பனைக்கு முன் அந்த முகமையிடம் பாதுகாப்புச் சோதனை முடிவுகளை ஒப்படைக்க வேண்டியதும் இல்லை. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சோதித்து ஒப்புதல் பெற்ற பொருள் என்று எண்ணிவிடுகிறார்கள்.

இத்தகைய தெள்ளு மருந்துகள் பட்ட 39 பூனைகளையும் 9 நாய்களையும் பற்றி 2012-இல் வந்த ஆய்வில், 92 விழுக்காட்டு விலங்குகளில் கேடான விளைவுகள் காணப்பட்டன. அவற்றுள் புட்டியில் சொன்னபடியே பயன்படுத்திய நிகழ்வுகளும் இருந்தன. இவை நச்சுக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அழைத்தவர்களின் கணக்கு என்பதால், பயன்படுத்தும் எல்லோருக்கும் இதே விழுக்காட்டில் கேடு வரும் என்று பொருள் கொள்ள முடியாது. ஆனால் ‘செல்லப் பிராணிகளுக்குப் பாதுகாப்பானது’ என்ற வரி மட்டும் போதாது என்பதற்கு இந்த எண்கள் போதும். புட்டியில் நான் தேடுவது வேறு: ஒவ்வொரு எண்ணெயின் பெயரும் அதன் விழுக்காடும், எந்த விலங்கு, எந்த எடை, எந்த வயது என்ற குறிப்பும். ‘இயற்கை நறுமணக் கலவை’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க மாட்டேன்.


சாம்பல்வால்

மூவருக்கும் மிக்க நன்றி. நாயின் மீது எதையும் தெளிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். சீப்பும் சோப்பு நீரும் இன்றே தொடங்கும், மருத்துவரிடமும் காட்டுவேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. என் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் எண்ணெய் எப்போதாவது பூனையின் மேல் கொட்டிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? நாய்க்கான ஷாம்புகளில் லாவெண்டர் சேர்த்திருக்கிறார்கள், அதையும் நிறுத்த வேண்டுமா?


மறுமொழி 5: இரவுப்பணி

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். முதல் கேள்விக்கு விடை கூறுகிறேன்.

எண்ணெய் மேலே கொட்டிவிட்டால், பூனை நக்குவதற்கு இடம் கொடாமல் உடனே ஒரு துண்டில் சுற்றிப் பிடியுங்கள். கையுறை அணிந்துகொண்டு, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு பட்ட இடத்தைக் கழுவுங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயை அகற்றாது, பரப்பிவிடும். மயிரில் விரலை நுழைத்துத் தோல்வரை நுரை போகும்படி தேய்த்து, வாசனை போகும்வரை திரும்பச் செய்யுங்கள். கண்ணிலும் வாயிலும் நுரை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்ததும் நன்றாகத் துவட்டி, கதகதப்பாக வைத்திருங்கள். நஞ்சு ஏறிய பூனையின் உடற்சூடு தாழ்ந்துபோகக் கூடும். ஈரத்தோடு விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நக்கியிருந்தாலோ குடித்திருந்தாலோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு நீர் புகட்டுவது போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டாம். எளிதில் ஆவியாகும் எண்ணெய் வாந்தியோடு மூச்சுக்குழாய்க்குள் நுழைந்தால் நுரையீரல் அழற்சி வரும். எண்ணெய் செய்யும் கேட்டைவிட அது கொடியதாகிவிடலாம். டிஃப்யூசரால் மூச்சு திணறினால் கருவியை நிறுத்தி, காற்றோட்டமான வேறு அறைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு விடுவது எப்போதுமே அவசர நிலை, அதைக் களைப்பு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனைக்கு வரும்போது எண்ணெய்ப் புட்டியையும் எடுத்து வாருங்கள். எங்களிடம் வருபவர்களில் பலர் ‘ஏதோ மூலிகை எண்ணெய்’ என்றுதான் சொல்கிறார்கள். பெயர், செறிவு, ஏறத்தாழ எத்தனை மில்லிலிட்டர், எத்தனை மணிக்கு என்ற நான்கும் தெரிந்தால் மருத்துவரின் வேலை பாதியாகக் குறையும். ஒரு மில்லிலிட்டர் என்பது சுமார் 20 சொட்டு. நான்கு கிலோ எடையுள்ள விலங்குக்குச் செறிந்த டீ ட்ரீ எண்ணெயில் ‘சில சொட்டுகள்’ என்பது சிறிய அளவல்ல. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் வேண்டாம். மேலே ஒருவர் குறிப்பிட்டதுபோல் அறிகுறிகள் தோன்ற 12 மணி நேரம்கூட ஆகலாம். அதனால் கொட்டிய உடனேயே தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

லாவெண்டரைப் பொறுத்தவரை, நாய்க்கென்றே செய்த, உடனே கழுவிவிடும் ஷாம்புவில் உள்ள சிறிதளவு பெரும்பாலான நாய்களுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் உங்கள் நாயின் தோல் தெள்ளுக்கடியால் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. புண்பட்ட தோல் எதையும் கூடுதலாக உறிஞ்சும், எரிச்சலும் மிகும். தோல் ஆறும்வரை மணமற்ற ஷாம்புவைப் பயன்படுத்துங்கள். அதே ஷாம்புவைப் பூனைக்கு எடுக்காதீர்கள்.


மறுமொழி 6: புல்வெளி

கொசு விஷயம் பாதியில் நின்றுவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். சன்னல் வலையில் கிழிசல் இருந்தால் முதலில் அதைத் தையுங்கள். வாளி, பூந்தொட்டித் தட்டு, விலங்குகளின் குடிநீர்க் கிண்ணம் எதிலும் நீர் ஒரு வாரம் தேங்காதபடி மாற்றிவிடுங்கள். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். படுக்கையை நோக்கி ஒரு மின்விசிறியை வைத்தாலே, பறப்பதில் வலுவற்ற கொசு பெரும்பாலும் நெருங்காது. டிஃப்யூசரைவிட அது மேல்.

பூனைக்கு மட்டும் இவ்விஷயத்தில் ஒரு சலுகை உண்டு. கேட்னிப், சில்வர் வைன் ஆகிய செடிகளின் இலையில் பூனைகள் முகத்தைத் தேய்த்துப் புரள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித் தேய்ப்பதால் மயிரில் ஒட்டும் நெபெடலக்டால் போன்ற பொருள்கள் கொசுக்களை அண்டவிடாமல் செய்வதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். விருப்பமிருந்தால் கேட்னிப் செடி ஒன்றைத் தொட்டியில் வளர்த்துப் பூனை போக்கில் விட்டுவிடலாம். ஆனால் கடையில் விற்கும் செறிந்த கேட்னிப் எண்ணெயை வாங்கிப் பூச வேண்டாம். இலையில் உள்ள அளவும் புட்டியில் உள்ள அளவும் ஒன்றல்ல.